ஒட்டிய விரலுக்கு ஏழு நாள் காவல்

துண்டான விரலைச் சேர்த்துத் தைத்துக்கொண்ட நோயாளியின் அறைக்குள் முதன்முறையாக நுழைகிறவர்களுக்கு எல்லாமே விசித்திரமாகத் தெரியும். மே மாத வெயிலிலும் அங்கே ஏசி ஓடாது. ஓடினாலும் அறை குளிராது. ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தால் சிஸ்டர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். பார்க்க வந்த சித்தப்பாவின் சட்டையில் பீடி வாசம் வந்தால் அவருக்கும் அனுமதியில்லை. நோயாளியின் கை தலையணைமேல் உயர்ந்திருக்கும். பெரிய கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். மணிக்கொரு முறை யாராவது வந்து அந்த நுனியை அழுத்திப் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், தாளில் ஏதோ குறித்துவிட்டுப் போவார்கள்.

'அதான் ஒட்டியாச்சே, இன்னும் என்ன?' என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் கேட்கும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்துக் கிடந்தவர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் ஒட்டிய விரல் பிழைக்குமா என்பது தியேட்டரில் பாதிதான் முடிவாகிறது. மீதி வார்டில். முதல் மூன்று நாள் மிக ஆபத்தானவை. ஒரு வாரம் தாண்டினால் ஓரளவு மூச்சு விடலாம். அந்த நாட்களில் உடம்புக்குள் போகிற மருந்துகள் எவை, எதற்கு, அவற்றில் உண்மையாகவே உதவுவது எது, பழக்கத்தால் தொடர்வது எது என்று விசாரிக்கப் போனால் கிடைக்கிற பதில்கள் சுவாரஸ்யமானவை. சில, மருத்துவ உலகத்துக்கே கொஞ்சம் சங்கடமானவை.

தையல் போட்ட இடத்தில்தான் வம்பு

விரலின் இரு பக்கமும் ஓடும் தமனிகளின் அகலம் சுமார் ஒரு மில்லிமீட்டர். நுனிக்குப் போகப் போக அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அவற்றைத் தைக்கும் நைலான் இழை தலைமுடியைவிட மெல்லியது.

ரத்தக்குழாயைத் தைக்கும் வித்தைக்காக அலெக்சிஸ் காரெல் 1912இலேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். அது பெரிய குழாய்களுக்கான வித்தை. 1960இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ஜூலியஸ் ஜேக்கப்சன் மைக்ராஸ்கோப்பின் கீழ் சின்னக் குழாய்களையும் தைக்கலாம் என்று காட்டினார். 1962இல் பாஸ்டனில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு, ரயிலில் அடிபட்ட 12 வயதுச் சிறுவனின் துண்டான கையைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஷாங்காயில் சென் ஜோங்வெய் குழு, பஞ்சிங் மெஷினில் கை போன ஒரு தொழிலாளிக்கு அதைத் திரும்பத் தந்தது. 1965 ஜூலையில் ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் முழுதாகத் துண்டாகியிருந்த ஒரு கட்டைவிரலை ஒட்டிப் பிழைக்கவைத்தார்கள். விரல் ஒட்டும் மருத்துவத்தின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் தனி இடம் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு இந்தியாவுக்கே முன்னோடி. கோவையில் டாக்டர் எஸ். ராஜா சபாபதியின் குழுவால் கங்கா மருத்துவமனை, கை சிகிச்சையில் உலகம் திரும்பிப் பார்க்கும் இடமாகியிருக்கிறது. அது கோவையில் அமைந்ததில் வியப்பில்லை. பம்ப் செட், கிரைண்டர், லேத், ஃபவுண்டரி, பிரஸ் என்று பிழைக்கிற ஊர் அது. விரல் போகிற ஊரில்தான் விரல் ஒட்டுகிறவர்களும் தேர்ந்தார்கள்.

ஒட்டிய பிறகு என்ன சிக்கல்? ரத்தக்குழாயின் உள்பக்கம் வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது. அது முழுசாக இருக்கும்வரை ரத்தம் உறையாமல் ஓடும். ஊசி துளைத்த இடத்தில் படலம் கிழிகிறது. கீழே இருக்கும் சொரசொரப்பு வெளியே வருகிறது. காயம் என்று எண்ணிக்கொண்டு பிளேட்லெட்டுகள் எனப்படும் தட்டணுக்கள் சில நிமிடங்களில் அங்கே வந்து ஒட்டத் தொடங்குகின்றன. உடம்பு தன் கடமையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் குழாயில் அந்தக் கடமையுணர்ச்சி கொஞ்சம் கூடினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். கிழிந்த படலம் மறுபடி வளர்ந்து தையலை மூட ஒன்றிரண்டு வாரம் ஆகிறது. மருந்துகள் காவல் காக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

அடைப்பிலும் இரண்டு ஜாதி. வேகமாக ரத்தம் பாயும் தமனியில் அடைப்பு பெரும்பாலும் தட்டணுக்களால் ஆனது, வெளிறியிருக்கும். மெதுவாக ஓடும் சிரையில் உண்டாவது ஃபைப்ரின் என்ற புரத வலையில் சிவப்பணுக்கள் சிக்கிய செங்கட்டி. தமனிக்கு ஆஸ்பிரின், சிரைக்கு ஹெப்பாரின் என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

நாயின் ஈரலும் பன்றியின் குடலும்

ஆஸ்பிரின் நமக்குத் தெரிந்த பழைய தலைவலி மாத்திரைதான். 1899இலிருந்து கடையில் கிடைக்கிறது. தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் ரசாயனத்தை அது எப்படித் தடுக்கிறது என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார். 1982இல் நோபல் பரிசு வந்தது. ஒரு மாத்திரை போட்டால் அப்போது ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் தங்கள் ஆயுள் முடியும் வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாள், அந்தச் சக்தியைத் திரும்பப் பெறுவதில்லை. அதனால்தான் குறைந்த அளவே போதும். மாரடைப்பு வந்தவர்கள் எகோஸ்பிரின் போன்ற பெயர்களில் தினமும் போடும் 75, 150 மில்லிகிராம் மாத்திரையைத்தான் விரல் ஒட்டியவர்களுக்கும் நம் ஊரில் பெரும்பாலும் எழுதுகிறார்கள். 'எனக்கு ஹார்ட்டில் ஒன்றுமில்லையே, எகோஸ்பிரின் எதற்கு?' என்று மருந்துக்கடையில் குழம்பி நிற்கும் இளைஞர்களுக்கு இதுதான் பதில்.

ஹெப்பாரினின் கதை தற்செயலில் தொடங்குகிறது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஹோவெலின் ஆய்வுக்கூடத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து அவர் எடுத்த சாறு நேரெதிரான வேலையைச் செய்தது. ரத்தம் உறையவே மறுத்தது. இன்று உலகம் பயன்படுத்தும் ஹெப்பாரினில் பெரும்பங்கு பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. நம்பிக்கை சார்ந்து தயங்குகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். மாற்று வழிகள் உண்டு.

ஹெப்பாரினை மூன்று விதமாகக் கொடுக்கிறார்கள். தியேட்டரில் வெட்டுண்ட குழாயின் வாயை ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவுவது ஒன்று. இதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது, ட்ரிப்ஸ் வழியாகத் தொடர்ந்து செலுத்துவது. நசுங்கிய காயம், பிய்த்துக்கொண்டு வந்த விரல், தைத்த குழாய் தியேட்டரிலேயே ஒருமுறை அடைத்துக்கொண்டது போன்ற சந்தர்ப்பங்களில் இதைப் பலரும் நாடுகிறார்கள். ஆனால் இதற்கு ரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். அளவு கூடினால் தைத்த இடமே கசியும், கட்டு நனையும், வயதானவர்களுக்கு எதிர்பாராத இடத்தில் ரத்தப்போக்கு வரலாம். அவசரத்தில் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து இருக்கிறது. அது சால்மன் மீனின் விந்திலிருந்து கண்டெடுத்தது. பன்றி கொடுத்ததை மீன் முறிக்கிறது!

மூன்றாவது, ஹெப்பாரினையே சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் எனாக்சபாரின் போன்ற ஊசிகள். வயிற்றுத் தோலுக்கடியில் போடுவார்கள். அளவு கணிக்கத்தக்கது, ஓயாத ரத்தப் பரிசோதனை வேண்டாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். எந்த ஹெப்பாரினாக இருந்தாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தட்டணுக்களின் எண்ணிக்கை திடீரென்று சரியலாம். அபூர்வம்தான். வந்தால் விபரீதம்: ரத்தப்போக்குக்குப் பதிலாக உடம்பெங்கும் உறைவு தோன்றும். அந்த நாட்களில் 'மறுபடி ஏன் ரத்தம் எடுக்கிறீர்கள்?' என்று சிஸ்டரிடம் சண்டை போடாதீர்கள்.

இந்த வரிசையில் டெக்ஸ்ட்ரான் என்று இன்னொருவர் இருந்தார். சர்க்கரையை ஒருவகை பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுத்து அது உருவாக்கும் பசைப்பொருள். ரத்தத்தை இளக்கி, தட்டணுக்களை வழுக்கவைக்கும் என்று பல காலம் மைக்ரோசர்ஜரி வார்டுகளில் கொடிகட்டிப் பறந்தது. ஒவ்வாமை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் நீர் கோத்தல் என்று கூடவே புகார்களும் வந்தன. 2003இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம், தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவையில் திசு மாற்றி வைத்த நோயாளிகளிடம் டெக்ஸ்ட்ரானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டுப் பார்த்தது. திசு பிழைப்பதில் டெக்ஸ்ட்ரானால் கூடுதல் லாபம் ஏதுமில்லை. உடம்பின் பிற உறுப்புகளில் சிக்கல்கள் மட்டும் பல மடங்கு. அதன்பின் பலரும் அதைக் கைவிட்டார்கள். அது விரலில் நடந்த சோதனை அல்ல என்று வாதாடலாம். என்னைக் கேட்டால், சிறுநீரகத்தைப் பணயம் வைத்து விரலைக் காக்கிற பேரம் வேண்டாம்.

அட்டைக்கு ஒரு வேலை

விரல் நுனியில் தமனியைத் தைத்துவிடலாம். சிரை கிடைப்பதுதான் கஷ்டம். காகிதம்போல மெல்லியது, நசுங்கிய காயத்தில் கண்ணிலேயே படாது. விளைவு, வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, வடிகால் மட்டும் அடைத்திருக்கிறது என்ற நிலை. வயல் அழுகுமே, அப்படி விரல் வீங்கி, ஊதா நிறமாகி, கறுக்கும். சிஸ்டர்கள் மணிக்கொரு முறை நுனியை அழுத்திப் பார்ப்பது இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான். அழுத்தி விட்டவுடன் சிவப்பு மெதுவாகத் திரும்பினாலோ திரும்பாமலே போனாலோ, விரல் வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ ரத்தம் உள்ளே வரவில்லை. சட்டென்று திரும்பி, நிறமும் கருநீலமாக இருந்தால் ரத்தம் வெளியே போகவில்லை. சந்தேகமிருந்தால் ஊசிமுனையால் குத்திப் பார்ப்பார்கள். பளிச்சென்ற சிவப்பு வந்தால் நிம்மதி. கருஞ்சிவப்பு வழிந்தால் சிரையில் அடைப்பு. எதுவுமே வராவிட்டால் உடனே தியேட்டர்.

சிரை அடைப்புக்கு உலகெங்கும் கைகொடுப்பது அட்டை. வயல்வரப்பில் காலைப் பிடிக்குமே, அதன் உறவுக்காரன்தான். அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது என்று 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். 1950களில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தனியே பிரித்தெடுத்தார். அதுதான் ஹிருடின். 1960இல் ஸ்லோவேனிய மருத்துவர்கள் இருவர் மாற்றுத் தோலில் தேங்கிய ரத்தத்தை அட்டை வைத்து வடித்ததை எழுதினார்கள். 1985இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் ஒரு சிறுவனின் ஒட்டிய காதை அட்டைகளால் காப்பாற்றிய பிறகு நவீன மருத்துவமனைகளின் கூச்சம் போனது. 2004இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உயிருள்ள அட்டையை ஒரு மருத்துவச் சாதனமாக அங்கீகரித்துவிட்டது. நம் சித்த மருத்துவத்தில் அட்டை விடல் என்ற பெயரில் நெடுங்காலமாக இருக்கும் முறைதான். 'பார்த்தீர்களா, நம் முன்னோர்...' என்று தொடங்கிவிட வேண்டாம். ஒட்டிய விரலுக்கு அட்டையின் வேலை மிகக் குறுகியது, நான்கைந்து நாள் மட்டுமே. அதற்குள் விரலில் புதிய நுண்சிரைகள் முளைத்துவிடும்.

ஒரு அட்டை ஒருமுறைக்கு 5 முதல் 15 மில்லி வரை ரத்தம் குடிக்கும். அது விழுந்தபிறகும் கடிவாயிலிருந்து மணிக்கணக்கில் கசியும். உண்மையான பலன் அந்தக் கசிவில்தான் இருக்கிறது. கூடவே இரண்டு ஆபத்துகள். அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ரத்தத்தைச் செரிக்க அட்டைக்கு அது தேவை, நமக்கு அது விஷம். அதனால் அட்டை வைக்கும் நாட்களில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கட்டாயம். இப்போது அதற்கும் அடங்காத வகைகள் பதிவாகியிருப்பதால் வேறு மருந்தும் தேவைப்படலாம். இரண்டாவது, நாள்கணக்கில் ரத்தம் கசிந்தால் ஹீமோகுளோபின் இறங்கும். ஒரு விரலுக்காக ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரும்.

அட்டை கிடைக்காத இடத்தில் நகத்தை எடுத்துவிட்டு, நகக்கண்ணில் ஹெப்பாரினில் நனைத்த பஞ்சை வைத்துக் கசியவிடுவார்கள். பார்க்கிற உறவினருக்கு மயக்கமே வரும். 'தைத்த டாக்டர்களே ரத்தம் வடியவிடுகிறார்களே' என்று கோபப்பட்டு வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதிருக்க, இதை யாராவது அவர்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எந்த மருந்து நல்லது? யாரிடம் கேட்கிறீர்கள்?

சங்கடமான பகுதி இது. ஜப்பானில் ஒட்டினால் ஹெப்பாரினோடு குழாயை விரிக்கும் புராஸ்டாகிளாண்டின், சில இடங்களில் உறைகட்டியைக் கரைக்கும் யூரோகைனேஸ். அமெரிக்காவில் பல மையங்களில் ஆஸ்பிரின் மட்டும். இன்னும் சில நாடுகளில், குழாய் இறுகாதிருக்க பாப்பாவெரின் ஊசி. கசகசாச் செடியிலிருந்து 1848இல் பிரித்தெடுத்த மருந்து அது. ஒரே நகரத்தின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டு விதச் சீட்டு. தைத்தவர் எங்கே பயின்றாரோ அந்த ஊரின் பழக்கம் அவருடைய கைப்பழக்கமாகிவிடுகிறது.

ஆதாரம் எங்கே என்று தேடியவர்களில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழுவும் உண்டு. விரல் ஒட்டியபின் எனாக்சபாரின் போன்ற சிறு மூலக்கூறு ஹெப்பாரின் பயன்படுகிறதா என்று 2013இல் அலசியபோது அவர்களுக்குக் கிடைத்த தகுதியான ஆய்வுகள் இரண்டே இரண்டு, இரண்டும் சின்னவை. பழைய ஹெப்பாரினும் புதியதும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வேலை செய்கின்றன, புதியதில் ரத்தப்போக்கு குறைவாக இருக்கலாம் என்பதற்குமேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஏன் இப்படி? ஒரு விரல் அரிவாளில் சுத்தமாக அறுந்திருக்கும். இன்னொன்று பிரஸ்ஸில் நசுங்கியிருக்கும். மூன்றாவது மோதிரம் மாட்டிக்கொண்டு தோலோடு உரிந்திருக்கும். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்குச் சர்க்கரையும் சிகரெட்டும். இவர்களை ஒரே தராசில் நிறுத்துவது லேசல்ல. தவிர, 'உனக்கு மருந்து, உனக்கு வெறும் தண்ணீர்' என்று சீட்டுக் குலுக்கிப் போட எந்தச் சர்ஜனுக்கும் மனசு வராது.

மூத்த கை சர்ஜன்கள் ஒப்புக்கொள்கிற உண்மை ஒன்று இருக்கிறது: மோசமான தையலை எந்த மருந்தும் காப்பாற்றாது. நசுங்கிய குழாயை வெட்டித் தள்ளி, நல்ல குழாய்க்கு நல்ல குழாயை இழுவிசை இல்லாமல் இணைத்திருந்தால் ஆஸ்பிரின் மட்டுமே போதுமானதாக இருக்கக்கூடும். விரல் நிறம் மாறும்போது மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே காத்திருப்பதைவிட, உடனே தியேட்டருக்குத் திரும்பித் தையலைத் திறந்து பார்ப்பதுதான் விரலைக் காக்கும். எந்தெந்த மருந்து தருகிறார்கள் என்பதைவிட, இரவு இரண்டு மணிக்கு விரலைப் பார்க்க ஆள் இருக்கிறாரா, விரல் கறுத்தால் திரும்பத் திறக்க சர்ஜன் வருவாரா என்று கேட்பதே ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி.

வலியும் பீடியும்

ஹெப்பாரின் பற்றிப் பேசும் அளவுக்கு வலி மருந்து பற்றி யாரும் பேசுவதில்லை. வலித்தால், பயந்தால், குளிர்ந்தால் உடம்பு கைவிரல்களின் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. தைத்த குழாய் அப்படிச் சுருங்கினால் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். அதனால்தான் பல மையங்களில் கழுத்துப்பட்டை எலும்புக்குப் பக்கத்திலோ அக்குளிலோ மெல்லிய குழாய் வைத்து, புபிவகைன் போன்ற மரத்துப்போகும் மருந்தைச் சில நாள் தொடர்ந்து செலுத்துகிறார்கள். அது வலியை அடக்குவதோடு, குழாயைச் சுருக்கும் நரம்பையும் தூங்கவைக்கிறது. கை சூடாகவே இருக்கும். குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம்; அழுது புரளும் குழந்தையின் விரல் வெளுப்பதை வார்டில் கண்ணாலேயே பார்க்கலாம். தூக்க மருந்து கொடுத்தால் 'பிள்ளையை மயக்கி வைத்திருக்கிறார்கள்' என்று பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். விடுங்கள், தூங்கட்டும்.

காபி, சாக்லேட் தடை பற்றி ஒரு வார்த்தை. காஃபீன் குழாயைச் சுருக்கும் என்ற கணக்கில் போட்ட தடை இது. ஒட்டிய விரலைக் காபி கெடுத்தது என்பதற்கு வலுவான சான்று கிடையாது. ஒரு வாரம் காபி இல்லாவிட்டால் செத்துப் போக மாட்டோம் என்பதால் யாரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. புகையிலை விஷயம் அப்படியல்ல. நிக்கோட்டின் குழாயைச் சுருக்குகிறது; தட்டணுக்களை உசுப்புகிறது; புகையின் கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைப் பறிக்கிறது. உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலையிலும், சிகரெட்டை விட உதவும் நிக்கோட்டின் சூயிங்கத்திலும் இருப்பது அதே நிக்கோட்டின். பாத்ரூமில் ஒளிந்து இழுத்த ஒரு பீடி, தியேட்டரின் எட்டு மணி நேர உழைப்பை அழித்துவிடும். பக்கத்துக் கட்டில்காரர் இழுத்தாலும் ஆபத்துதான்.

வீட்டுக்கு வந்தபிறகு

வார்டில் எல்லாவற்றையும் யாரோ பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மாத்திரைக் கவரும் நாமும்தான். ஆஸ்பிரின் சில வாரம் தொடரும். எத்தனை வாரம் என்பது காயத்தைப் பொறுத்தது. நடுவில் 'விரல்தான் நன்றாக இருக்கிறதே' என்று நிறுத்துவதும், ஒருநாள் மறந்துவிட்டு மறுநாள் இரண்டாகப் போடுவதும் கூடாது. வயிற்றெரிச்சல் வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கிறதே என்று கடையில் ஐபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரினுக்கு முன்னால் போட்டால் அது ஆஸ்பிரினை வேலை செய்யவிடாது, வயிற்றிலும் ரத்தக்கசிவு வரவைக்கும்.

ஜலதோஷ மாத்திரைகள் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. மூக்கடைப்பைத் திறக்கும் ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபிட்ரின் ஆகியவை மூக்கின் குழாய்களைச் சுருக்கித்தான் அடைப்பைத் திறக்கின்றன. அவற்றுக்கு மூக்கு எது, விரல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒற்றைத் தலைவலிக்குப் போடும் எர்கோட்டமின், சுமாட்ரிப்டானும் இதே ரகம். மெடிக்கல் ஷாப்பில் 'சளிக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்கும் பழக்கத்தை இந்தக் காலத்துக்காவது ஒதுக்கி வைக்க வேண்டும். லேகியம், சூரணம் எதுவானாலும் சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால்? நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் சரியும். அப்போது ஆஸ்பிரின் ஆபத்து. ஆஸ்பிரினில் இருப்பவருக்குக் காய்ச்சல் அடித்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, ஆஸ்பிரின் போடுவதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரலாம் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் முதல் நாளிலேயே போயிருக்கும். மண்ணும் சாணமும் பட்ட வயல் காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் கூடுதலாக வேண்டும். தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். அது வளரும் மாதங்களில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இழுத்தால், காபாபென்டின் வகை மருந்துகள் சாதாரண வலி மாத்திரையைவிட உதவும். மார்கழிக் குளிரில் ஒட்டிய விரல் வலிப்பது பலருக்கு ஓரிரு வருடம் தொடரும். அதற்குக் கையுறைதான் மருந்து.

துண்டான விரலோடு ஆஸ்பத்திரிக்கு வரும்வரை செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸில் நேரடியாகப் போட்டால் திசு உறைந்து செத்துவிடும். பால், டெட்டால், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். குளிரில் வைத்தால் விரல் ஒரு நாள்கூடத் தாங்கும். தைவானில் 94 மணி நேரம் குளிரில் இருந்த விரலையும் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை இருப்பதால் ஆறு மணி நேரத்தைத் தாண்டவிடக் கூடாது. காயமடைந்தவருக்குச் சாப்பிடக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 'ரத்தம் உறையாமலிருக்கும்' என்று நீங்களாக ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் நோயாளிக்கு யார் சொல்கிறார்கள்? கோவையிலும் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மெஷின் முன்னால் நிற்பவர்களில் கணிசமானவர்கள் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணை, கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்த விரலை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளின் கையில் இருப்பதோ ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஆஸ்பிரின் அளவு இருக்கும். சளி மாத்திரை கூடாது, புகையிலை எந்த ரூபத்திலும் கூடாது, விரல் ஊதாவானால் நடுராத்திரியானாலும் திரும்பி வா என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்வழியாக, அவசரமாக, நோயாளிக்குப் புரியாத மொழியில் சொல்லப்படுகிறது. விரல் ஒட்டும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஒரு பக்கத் தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை முதலாளிகளும் அதை மெஷினுக்கு மேலே ஒட்டி வைக்கலாம். அந்தத் தாளுக்கு ஆகும் செலவு ஒரு எனாக்சபாரின் ஊசியின் விலைகூட வராது.